எடைக்கட்டிகள் வைத்த சோதனை

நீங்கள் கடைசியாக எதையாவது சோதித்துப் பார்த்தது எப்போது? அது சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சோதித்தீர்களா, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகச் சோதித்தீர்களா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். இந்த இரண்டு சோதனைக்கும் நடுவில் ஒரு பெண் பார்த்துவந்த வேலை அவள் கையை விட்டுப் போயிருக்கிறது. போகக் காரணமாக இருந்தவர் கெட்டவரும் இல்லை. கெட்டவன் செய்கிற அநியாயத்தை நாலு பேர் சந்தேகப்படுவார்கள். நல்ல பெயர் எடுத்தவர் செய்தால் சந்தேகம் பக்கத்தில்கூட வராது.

இரும்புத் தகடு வெட்டும் அந்தப் பட்டறையில் அவரை எல்லோரும் மில்லி என்று கூப்பிடுவார்கள். கேட்டவுடன் வேறு மாதிரி நினைக்காதீர்கள். விருந்து வீட்டில் யாராவது குளிர்பானம் நீட்டினாலே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அது மில்லிமீட்டரின் மில்லி. சட்டைப் பையில் பேனா இல்லாமல் வருவார். அளவுகோல் இல்லாமல் வரமாட்டார். வீட்டில் மனைவி அலமாரியை நகர்த்தச் சொன்னால், “எவ்வளவு?” என்று கேட்பார். “கொஞ்சம்” என்ற பதிலை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது.

பட்டறையின் நடுவில் பிளாஸ்மா வெட்டும் மேசை இருந்தது. கட்டில் நான்கைச் சேர்த்துப் போட்ட அகலம். மேலே ஒரு பாலம் ஓடும், பாலத்தில் ஒரு டார்ச் தொங்கும். கம்ப்யூட்டரில் படம் கொடுத்தால், டார்ச்சின் முனையிலிருந்து மின்னலைப் போல ஒரு தீ இறங்கி, அந்தப் படத்தின்படியே இரும்பை வெட்டிக்கொண்டு போகும். இதில் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். டார்ச்சின் முனைக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறக்கூடாது. கூடினால் வெட்டு சாய்ந்து போகும், அடியில் கசடு உறையும். குறைந்தால் முனையில் மாட்டிய நாசில் என்ற சின்னச் செப்பு மூக்கு தகட்டில் உரசிக் கருகும். இரும்போ சொன்ன பேச்சுக் கேட்கிற பொருள் இல்லை. சூடு பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும். மெல்லிய தகடு என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு மூலை எழும்பும், இன்னொரு மூலை அமுங்கும்.

பழைய மேசையில் இந்த நெளிவைச் சமாளிக்க எந்தக் கருவியும் கிடையாது. அதற்கு மில்லியே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கைப்பிடி வைத்து வெல்டிங் செய்த கனமான இரும்புக் கட்டிகள். தகட்டைப் போட்டவுடன் நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைப்பார். தகடு வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கும். பல வருடம் அப்படித்தான் ஓடியது. தகடு போடுவதும் கட்டி வைப்பதும் அவருக்கு ஒரே வேலை ஆகிவிட்டன. மூச்சு விடுவதை யாராவது நினைத்தா செய்கிறார்கள்?

புது மேசை வாங்கியபோது, கூடவே டார்ச்சின் உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் கருவி ஒன்றும் வாங்க முடிவானது. அது வேலை செய்யும் விதம் எளிது. தீயின் வோல்டேஜை அது விடாமல் கவனிக்கும். இடைவெளி கூடினால் வோல்டேஜ் ஏறும். உடனே டார்ச்சை இறக்கும். தகடு எழும்பி இடைவெளி குறைந்தால் வோல்டேஜ் விழும். உடனே டார்ச்சைத் தூக்கும். சந்தையில் இரண்டு கருவிகள் பார்த்தார்கள். ஒன்றில் திரையும் பொத்தானும் ஏராளம். ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இன்னொன்று சின்னப் பெட்டி, இரண்டே திருகு, மறுநாளே வந்து மாட்டித் தருவார்கள்.

“மில்லி, நீயே ரெண்டையும் போட்டுப் பாத்துச் சொல்லு. நீ சொல்றதுதான்,” என்றார் முதலாளி.

இரண்டு நிறுவனத்துக்காரர்களும் மாதிரிக் கருவியோடு வந்தார்கள். மில்லி புது நாசில் மாட்டினார். பளபளவென்று ஒரு தடித்த தகட்டை மேசையில் போட்டார். வட்டம் வெட்டினார், நீளமாக வெட்டினார். அளவுகோலை வைத்துப் பார்த்தார். இரண்டுமே கச்சிதம். மயிரிழை வித்தியாசம் இல்லை. “ரெண்டும் ஒண்ணுதான் சார். சின்னதே போதும். நம்ம ஆளுங்களுக்கும் சுலபம்,” என்றார். சின்னப் பெட்டிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “உங்கள மாதிரி நுணுக்கமா பாத்தவங்க யாருமே இல்ல சார்,” என்றார். மில்லிக்கு அன்று முழுவதும் காது குளிர்ந்தே இருந்தது.

தகட்டின் நான்கு மூலையிலும் எடைக்கட்டிகள் இருந்ததை அவரும் பார்க்கவில்லை, சுற்றி நின்ற யாரும் பார்க்கவில்லை. எழும்பும் தகட்டைப் பின்தொடர்கிறதா என்று பார்க்க வேண்டிய கருவியை, எழும்பவே முடியாதபடி அமுக்கிவைத்த தகட்டில் சோதித்திருந்தார். ஓடத் தெரியுமா என்று பார்க்க ஆளை நாற்காலியில் உட்காரவைத்தது போல.

காலை ஷிஃப்ட் மில்லியுடையது. தடித்த தகடுகள் அவருக்கு வரும். அவை சுலபத்தில் நெளியா. நெளிந்தாலும் கட்டிகள் இருந்தன. மாலை ஷிஃப்ட்டில் மெல்லிய தகடுகள் வரும். அலமாரிக்கும் காற்றுக் குழாய்க்கும் வெட்டும் துண்டுகளை விளிம்பிலிருந்து விளிம்புவரை நெருக்கி அடுக்கியிருப்பார்கள். கட்டி வைக்க இடமே இருக்காது. அந்த ஷிஃப்ட்டில் மேசையை ஓட்டியவள் மில்லியின் மச்சினி, மனைவியின் தங்கை. அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தவளை, “இவளுக்கு மெஷின் புடிபடும் சார்,” என்று சொல்லி மேசைக்குக் கொண்டுவந்தவரே மில்லிதான்.

புதுக் கருவி வந்த புதிதிலேயே அவள் சொன்னாள். “மாமா, இது தூக்குது. ஆனா லேட்டா தூக்குது. ஷீட்டு எழும்பி வந்து முட்டின அப்புறம்தான் அதுக்கு ஞாபகம் வருது.”

“பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். ஸ்பீடைக் கொறச்சுப் பாரு.”

“கொறச்சா இன்னும் சூடாகுது, இன்னும் நெளியுது.”

“அப்ப கூட்டிப் பாரு,” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தப் பதிலில் மில்லிமீட்டர் எதுவும் இல்லை. அவருக்கே பிற்பாடுதான் உறைத்தது.

நாசில்கள் கருகின. பிறகு ஒரு நாள், வெட்டி முடித்த துண்டு ஒன்று அண்ணாந்து நின்றது. கருவி சோம்பல் முறித்து எழுவதற்குள் டார்ச் அதில் மோதி, இழுத்துக்கொண்டு போய், பிடியோடு வளைந்தது. ஆர்டருக்கு வைத்திருந்த தகடு முழுவதும் பாழ்.

மறுநாள் காலை எல்லோரும் வந்ததும் முதலாளி அவளை மேசை அருகே கூப்பிட்டார். இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர்கள் நின்றன. பட்டறையில் கிரைண்டர் நின்றால், ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

“இது டார்ச்சாம்மா, தீக்குச்சியா? ஒவ்வொண்ணா ஒடிச்சுப் போட்டுட்டு இருக்க?”

“சார், மெஷின் லேட்டா தூக்குது. நான் மொதல்லயே சொன்னேன்.”

“காலைல ஓடற அதே மெஷின்தானே! காலைல ஒடையல, சாயந்திரம் மட்டும் ஒடையுதா? பொம்பளைங்க கையில மெஷினைக் குடுக்காதேன்னு அப்பவே சொன்னாங்க. நான்தான் கேக்கல.”

இந்தக் கணக்கை உலகம் முழுவதும் கூச்சமே இல்லாமல் போடுகிறார்கள். ஆண் உடைத்தால் டார்ச் உடைந்தது என்பார்கள். பெண் உடைத்தால் பெண்குலமே சேர்ந்து உடைத்தது ஆகிவிடும். அதே பட்டறையில் ஒரு ஆள் கிரேனைச் சுவரில் மோதி, சுவரே விரிசல் விட்டிருந்தது. யாரும் அன்று மீசையைக் குறை சொல்லவில்லை.

முதலாளி திரும்பினார். “மில்லி, நீதானே டெஸ்ட் பண்ண? நீயே சொல்லு. எப்படி இருந்துச்சு?”

மில்லி வாயைத் திறந்தார். “டெஸ்ட்ல…” என்று ஆரம்பித்தபோது, அவர் பார்வை மேசைக் காலடியில் கிடந்த கட்டிகள்மேல் விழுந்தது. ஒரு நொடிதான். எல்லாம் புரிந்துவிட்டது. சோதனை அன்று தான் குனிந்து குனிந்து அவற்றைத் தூக்கி வைத்தது, படம் மாதிரி கண்ணுக்குள் ஓடியது. வாக்கியம் பாதியில் நின்றது. எதிரே மச்சினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டெஸ்ட்ல சரியாத்தான் இருந்துச்சு சார்,” என்று முடித்தார்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. உலகத்தில் பாதிப் பொய்கள் இப்படி உண்மையான வார்த்தைகளால்தான் சொல்லப்படுகின்றன.

அன்றே அவளை மேசையிலிருந்து எடுத்து, வெட்டிய துண்டுகளின் விளிம்பைத் தேய்க்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மற்றவர்கள் வெட்டியதைத் தேய்த்துக் கொடுக்கும் வேலை. மில்லி வெட்டியதையும்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினி வீட்டுக்கு வரவில்லை. ஒரே தெரு, ஞாயிறன்று மத்தியானம் வராமல் இருந்ததே கிடையாது. மனைவி நான்காவது தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, வாசலை இரண்டு தரம் எட்டிப்பார்த்துவிட்டு வந்தாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள், “சித்தி வரமாட்டாங்கம்மா. ஃபோன் பண்ணேன். கை வலிக்குதாம்,” என்று தலை நிமிராமல் சொன்னாள்.

மனைவி நான்காவது தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். தேவைக்கு மேலே சத்தம் வந்தது.

“அவ மேல தப்பா?” என்று கேட்டாள்.

“மெஷின் விஷயம். உனக்குப் புரியாது.”

“எனக்கு மெஷின் புரியாது. உங்களப் புரியும். அன்னியிலிருந்து நீங்க அளவுகோலைக் கையில எடுக்கல. ஜன்னல் கம்பி கோணலா இருக்குன்னு ஒரு மாசமா பொலம்பிட்டு இருந்தீங்க, இப்ப பேச்சையே காணோம். அவ மேல தப்பு இருந்தா, சாப்பிடறப்பவே நாலு தடவை சொல்லியிருப்பீங்க.”

மில்லி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மகள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதையும் மென்று விழுங்கினார்.

அவர் தன்னிடமே வாதாடிப் பார்த்தார். நான் அவள் பெயரைச் சொல்லவில்லையே. அவளை மாற்றியது முதலாளிதானே. டார்ச்சை ஓட்டியது அவள்தானே. ஒவ்வொரு வாதமும் நேராகத்தான் நின்றது. ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கட்டி வைத்தால்தான் நின்றது. கையை எடுத்தால் நெளிந்தது.

ஒரு சாப்பாட்டு இடைவேளையில், பட்டறை காலியானதும் மெல்லிய தகடு ஒன்றை மேசையில் போட்டார். கை தானாகக் கட்டியை நோக்கிப் போனது. இழுத்துக்கொண்டார். வெல்டர் ஒருவர் மட்டும் மூலையில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெல்டிங் கண்ணாடியைச் சாப்பிடும்போதும் நெற்றியிலிருந்து கழற்றாததால் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர்.

“என்ன மில்லி, பசிக்கலையா? இரும்பையே சாப்பிடப் போறீங்களா?”

“சும்மா, ஒண்ணு பாக்கறேன்.”

சீப்பின் பற்களைப் போல நீள நீளமான வெட்டுகளைக் கொடுத்து ஓடவிட்டார். மூன்றாவது பல்லில் தகடு எழும்ப ஆரம்பித்தது. கருவி யோசித்தது. தகடு இன்னும் எழும்பியது. கருவி இன்னும் யோசித்தது. கிறீச்சென்ற சத்தம். மில்லி அவசரப் பொத்தானை அடித்து நிறுத்தினார்.

கண்ணாடி எச்சில் கையோடு எழுந்து வந்து பார்த்தார். “இது அந்தப் பொண்ணு சொன்னதுதானே?” என்றார்.

மில்லி கருகிய நாசிலைக் கழற்றினார்.

“நமக்கெதுக்கு,” என்று சொல்லிவிட்டு, கண்ணாடி கை கழுவப் போனார். பட்டறையில் அதிகம் புழங்கும் வார்த்தை அது. இரும்பைவிட அதுதான் கனம்.

அன்று சாயங்காலமே மில்லி மச்சினி வீட்டு மாடிப்படி ஏறினார். ஒற்றை அறை, திரை போட்டுப் பிரித்த அடுப்படி. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, விரலில் ஏறியிருந்த இரும்புச் சிலாம்பை ஊசியால் நெம்பிக்கொண்டிருந்தாள். “வாங்க மாமா,” என்றாள். எழுந்திருக்கவில்லை.

நின்றபடியே எல்லாம் சொன்னார். கட்டிகள், சோதனை, அன்று வாக்கியத்தின் நடுவிலேயே தெரிந்துபோனது, அப்புறமும் முடித்தது. “தப்பு என்னோடதும்மா. மனசே சரியில்ல. என்னை மன்னிச்சிடு,” என்றார்.

அவள் சிலாம்பை எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தாள்.

“அன்னிக்கு மேசையைச் சுத்தி எத்தனை பேர் நின்னாங்க மாமா?”

“எல்லாருமே.”

“இப்ப இந்த ரூம்ல?”

அவர் சுற்றிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

“அத்தனை பேர் எதிர்ல என் பேரைக் கெடுத்துட்டு, கதவைச் சாத்திட்டு வந்து மன்னிப்புக் கேட்டா, அது யாருக்கு மாமா? உங்க தூக்கத்துக்கா? நான் மன்னிச்சிட்டேன்னே வெச்சுக்கோங்க. நாளைக்கு அங்க போனா நான் யாரு? டார்ச்சை ஒடிச்சவதானே?” குரலை உயர்த்தவே இல்லை. “டீ குடிக்கிறீங்களா?”

“வேண்டாம்மா.”

“குடிக்கவே வேணாம். நானும் மரியாதைக்குத்தான் கேட்டேன்.”

மறுநாள் காலை மில்லி மேசையை ஓட்டவில்லை. முதலாளி வரும்வரை காத்திருந்தார். வந்ததும், கிரைண்டர் வைத்திருந்தவர்களைப் பார்த்து, “கொஞ்சம் நிறுத்துங்கப்பா,” என்றார். அவர் குரலில் அப்படியொரு ஆணையை யாரும் கேட்டதில்லை, கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. தேய்க்கும் இடத்திலிருந்து மச்சினியும் முகத்துணியோடு நிமிர்ந்தாள்.

“சார், அந்த டெஸ்டு தப்பு,” என்றார் மில்லி.

“எந்த டெஸ்டு?”

“உயரத்தைப் பாக்கற கருவிக்கு நான் பண்ண டெஸ்டு. நாலு மூலையிலயும் கட்டி வெச்சுட்டுப் பண்ணேன். ஷீட்டு எழும்பவே இல்ல. அதனால கருவிக்கு வேலையே இல்ல. ரெண்டு கருவியும் ஒண்ணுன்னு சொன்னது தப்பு. என் மச்சினி லேட்டா தூக்குதுன்னு சொன்னது சரி.”

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். “சரி சரி, ரூமுக்கு வா, பேசிக்கலாம். எல்லார் எதிர்லயும் எதுக்கு?”

“அன்னிக்கு எல்லார் எதிர்லதான் சார் நடந்துச்சு.”

யாரோ இருமினார்கள். முதலாளி முகம் சிவந்தது. “அன்னிக்கு நான் கேட்டப்ப ஏன்யா சொல்லல?”

இந்தக் கேள்விக்குத்தான் மில்லி இரவெல்லாம் பதில் தயாரித்திருந்தார். அது வரவில்லை. வந்தது வேறு. “என் பேரு கெட்டுடும்னு பயம் சார். அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்.”

கண்ணாடி அப்போது முன்னால் வந்தார். “நானும் பாத்தேன் சார். நேத்து,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நேற்றே சொல்லாததற்கு வெட்கப்பட்டவர் மாதிரி, வெல்டிங் செய்யாத நேரத்தில் முதன்முறையாகக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மில்லி தகட்டைப் போட்டார். கட்டி இல்லாமல் ஓட்டினார். கிறீச். முதலாளி கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார். கடைசியில் சொன்னார்: “பெட்டியைக் கழட்டு. அந்த இன்னொண்ண வரச்சொல்லு.” மச்சினி பக்கம் பார்க்காமலேயே, “நீ போய் மேசைல நில்லும்மா,” என்றார்.

அவள் முகத்துணியை அவிழ்த்தாள். “நிக்கறேன் சார். ஆனா அதை நான்தான் டெஸ்ட் பண்ணுவேன். அப்புறம், அன்னிக்குப் பொம்பளைங்கன்னு ஒண்ணு சொன்னீங்களே…”

“சரிம்மா, விடு.”

“விடல சார். ஞாபகம் வெச்சிருக்கேன்னு சொன்னேன்.”

அந்தப் பேச்சுக்கு முதலாளி வாயிலிருந்து இன்றுவரை மன்னிப்பு வரவில்லை.

இன்னொரு கருவி வந்தபோது, அவள் அதைப் பாடாய்ப் படுத்தினாள். தகட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துச் சரிவாக்கி, டார்ச் மேடு ஏறுகிறதா என்று பார்த்தாள். துருப்பிடித்த தகட்டைப் போட்டாள். கழித்துப்போட வேண்டிய தேய்ந்த நாசிலை மாட்டினாள். முக்கில் திரும்பும்போது டார்ச் வேகம் குறையும், அப்போது வோல்டேஜ் தானாக ஏறும். கருவி அதை இடைவெளி என்று தவறாக நினைத்து டார்ச்சைத் தகட்டுக்குள் குத்தியது. நிறுவனத்துக்காரர் பதறி ஓடிவந்தார். முக்கில் கருவியைப் பிடித்து நிறுத்திவைக்க ஒரு அமைப்பு இருக்கிறதென்றும், தான் அதைப் போட மறந்துவிட்டதாகவும் அசடு வழிந்தார். “இப்ப தெரிஞ்சது நல்லதுதானே சார்,” என்றாள். போட்டதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மில்லி ஓரமாக நின்று, கேட்டபோது மட்டும் அளவுகோலை நீட்டினார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதிவிட ஆசைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மறுபடி வருகிறாள், அக்காவோடு சிரிக்கிறாள், மகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறாள். மில்லியிடம் மட்டும், “சாப்பிட்டீங்களா?” என்பதோடு சரி. பட்டறையில் அவரை சார் என்கிறாள். எல்லோரும் மரியாதை என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு சாருக்கும் மில்லிக்கு நெஞ்சில் ஒரு சிலாம்பு ஏறுகிறது. அதை நெம்பி எடுக்கும் ஊசி அவரிடம் இல்லை. இரண்டு வாரம் அவள் தேய்த்த விளிம்புகள் தேய்த்தவைதான். அந்த நாட்களை எந்தக் கருவியும் தூக்கித் தராது. தான் சொன்னது தாமதமாகத்தான் என்பது அவருக்குத் தெரியும். குறை சொல்லாமல் சுமக்கிறார். சுமக்கட்டும்.

இதைப் படிக்கிறபோது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கலாம். நீங்கள் வாய் திறக்காததால், அல்லது சரியான வார்த்தைகளைத் தப்பான நேரத்தில் சொன்னதால், பழியைச் சுமந்துகொண்டு எங்கோ ஒரு மூலையில் வேலை செய்கிறவருடைய முகம். அவர் வீட்டுப் படி ஏறித் தனியாகக் காதில் சொல்லாதீர்கள். பழி எந்தக் கூட்டத்தின் நடுவில் விழுந்ததோ, அந்தக் கூட்டத்தைக் கூட்டுங்கள். ஓடுகிற இயந்திரங்களை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லோர் காதிலும் விழும்படி, “தப்பு என்னோடது” என்று சொல்லுங்கள். அவர் மன்னிப்பாரா என்று கணக்குப் போட்டுக்கொண்டு இருக்காமல், இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.